எஸ்.எஸ். ஹெக்ஸ் பாரை லேத்தில் பார்ட்டிங் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்ட்டிங் என்றால் சுற்றும் பாரிலிருந்து துண்டை அறுத்து எடுப்பது, ஹெக்ஸ் பார் என்றால் ஆறு பட்டை உள்ள பார். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் ஒரே ஜாப்பை வைத்துச் சொல்லப்படுகின்றன: எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 கிரேடு, 19 மி.மீ. கோல்டு டிரான் (சூடாக்காமல் இழுத்த) ஹெக்ஸ் பார், அதிலிருந்து 10 மி.மீ. தடிமனில் எம்12 நட்டுக்கான துண்டுகள். சாதாரண லேத்தில் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிளேடு, சி.என்.சி.யில் (புரோகிராமில் ஓடும் லேத்தில்) கார்பைடு இன்சர்ட் (மாற்றிப் போடும் முனை) என்று இரண்டு வழிக்கும் பதில் இருக்கிறது. வேறு அளவு பார் என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

19 ஹெக்ஸ் என்பது எந்த அளவு? டூலை எங்கே நிறுத்தி ஆரம்பிப்பது?

கடையில் 19 என்று சொல்வது எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே உள்ள அளவு, அதாவது ஸ்பேனர் மாட்டுகிற அளவு. சுற்றும்போது டூலுக்கு எதிரே வருவது பட்டை அல்ல, மூலை. மூலைக்கு மூலை அளவு வேண்டுமென்றால் 1.155-ஆல் பெருக்குங்கள். 17-க்கு 19.6, 19-க்கு 21.9, 22-க்கு 25.4, 24-க்கு 27.7, 27-க்கு 31.2, 30-க்கு 34.6 மி.மீ. வரும்.

நின்றிருக்கும் பாரின் பட்டையில் டூலைத் தொட்டுச் சுழியம் வைத்துவிட்டு, அரை மி.மீ. பின்வாங்கி மெஷினை ஓட்டினால் முதல் சுற்றிலேயே மூலை வந்து டூல் முனையில் அடிக்கும். சாதாரண லேத்தில் சக்கைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்பி, மூலை டூலைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்விட்ச் போடுங்கள். சி.என்.சி.யில் புரோகிராம் எழுதுபவர் டிராயிங்கில் 19 என்று பார்த்துவிட்டு எக்ஸ் 21-க்கு (எக்ஸ் என்பது டூல் நிற்கும் விட்டம்) ரேப்பிடில், அதாவது வெட்டாமல் பாயும் வேகத்தில், வரவைப்பது அடிக்கடி நடக்கிறது. மூலை 21.9-இல் இருக்கிறது. எக்ஸ் 25, 26 வரைதான் ரேப்பிட், அதற்கு உள்ளே கட்டிங் ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் உள்ளே நகரும் அளவு) மட்டுமே.

ரவுண்டு பார் நன்றாக அறுக்கும் அதே டூல் ஹெக்ஸில் ஏன் முனை உடைகிறது?

இது ஒரே கட் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. டூல் 21.9 விட்டத்தில் தொடங்கி 19-க்கு இறங்கும் வரை மூலைகள் மட்டும்தான் வெட்டுப்படும், நடுவில் காற்று. ஒரு சுற்றுக்கு ஆறு அடி. 19-க்குக் கீழே போனதும் முழு வட்டம் கிடைத்துவிடும், அதன் பிறகு அது சாதாரண ரவுண்டு பார் கட்டிங்.

அந்த அடி வாங்கும் பகுதியின் ஆழம் மூலை அளவிலிருந்து பட்டை அளவைக் கழித்ததில் பாதி. இந்தப் பாருக்கு 1.47 மி.மீ. மட்டுமே. மையம் வரை மொத்த ஆழம் 11 மி.மீ. என்றால், ஹெக்ஸ் என்பதால் வரும் தொல்லை முதல் ஒன்றரை மி.மீ.யோடு முடிகிறது. மீதி ஒன்பதரை மி.மீ.யில் வரும் தொல்லை எல்லாம் எஸ்.எஸ். என்பதால் வருவது. இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது. மூலையில் ஃபீடு குறைவாக, டூல் முனை கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே போனதும் தயங்காமல் ஃபீடு கொடுக்க வேண்டும். மூலையில் வாங்கிய பயத்தோடு கடைசி வரை மெதுவாகவே போவதுதான் பல டூல்களின் சாவுக்குக் காரணம்.

0.04 மி.மீ. ஃபீடில் அந்த ஒன்றரை மி.மீ.யைக் கடக்க சுமார் 37 சுற்று, ஏறத்தாழ 220 அடி. 220 ஆர்.பி.எம்.மில் ஓடும் லேத்தில் பத்து நொடி வேலை. அந்தப் பத்து நொடிக்காக மொத்த கட்டையும் மாற்ற வேண்டியதில்லை.

மூலையை முதலிலேயே எடுத்துவிட்டால் என்ன?

முடிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். நட்டுக்கு எப்படியும் 30 டிகிரி சேம்பர் (ஓரச் சரிவு) தேவை. அறுக்கப் போகும் இடத்தில் ஒரு வி வடிவ டூலால் இரண்டு பக்கமும் சேம்பர் வரும்படி, அடிவிட்டம் 18.5 வரை இறக்கிவிடுங்கள். அடுத்து வரும் பார்ட்டிங் டூலுக்கு மூலை என்பதே தெரியாது. முந்தின துண்டின் பின்பக்கமும் அடுத்த துண்டின் முன்பக்கமும் ஒரே அடியில் சேம்பர் ஆகிவிடும், மூலையில் பிசிறும் நிற்காது. அடி வாங்குவது தடித்த வி டூல், மெல்லிய பார்ட்டிங் பிளேடு அல்ல. நூறு துண்டுக்கு மேல் ஜாப் இருந்தால் இந்த ஒரு டூலைத் தனியாக அரைத்து வைப்பது கண்டிப்பாகக் கட்டுப்படியாகும்.

நாலைந்து துண்டுதான் என்றால் நேராகவே அறுக்கலாம், அடுத்த பதில்களில் உள்ள ஃபீடைப் பின்பற்றினால் போதும்.

எந்த சக்கில் பிடிப்பது?

மூன்று ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக் ஹெக்ஸுக்கென்றே செய்தது போலப் பொருந்தும், ஒன்றுவிட்ட மூன்று பட்டைகளில் மூன்று ஜா உட்காரும். ரவுண்டு பார் போலச் சக்குக்குள் வழுக்கிச் சுற்ற முடியாது, அதனால் வெறி பிடித்தது போல முறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு ஜா மூலைமேல் ஏறி உட்கார்ந்தாலும் சாவியில் இறுக்கம் தெரியும். ஓட ஆரம்பித்து இரண்டு அடி விழுந்ததும் பார் சறுக்கி அடுத்த பட்டைக்குப் போகும், பிளேடு போய்விடும். அதனால் முக்கால்வாசி இறுக்கிய நிலையில் பாரை விரலால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஜா பட்டையில் படிந்ததும் ஆட்டம் சட்டென்று நின்றுவிடும். அதன் பிறகு முழு இறுக்கம்.

ஜா முனை தேய்ந்து வாய் விரிந்திருந்தால் பாரின் பின்புறம் மட்டும் பிடிபட்டு, முன்னால் ஆடும். பார்ட்டிங்கில் வரும் அதிர்வில் பாதி இங்கிருந்துதான். பட்டையில் தழும்பு விழக் கூடாத ஜாப் என்றால் அரை மி.மீ. செம்புத் தகட்டை ஒவ்வொரு ஜாவுக்கும் மடித்து வையுங்கள்.

நாலு ஜா இண்டிபெண்டன்ட் சக்கில் இரண்டு ஜா பட்டையிலும் இரண்டு ஜா மூலையிலும் வரும். பிடிக்க முடியும், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் டயல் (ஆட்டம் அளக்கும் கருவி) போட வேண்டும், இந்த வேலைக்கு வீண். ஈஆர் காலெட் (பாரைச் சுற்றிப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்) ரவுண்டுக்கானது, அதில் ஹெக்ஸைத் திணித்தால் ஆறு மூலையில் மட்டும் பிடித்துக் காலெட்டே கெடும். காலெட்டில்தான் ஓட வேண்டும் என்றால் ஹெக்ஸ் துளை உள்ளதையே வாங்குங்கள். கோல்டு டிரான் பார் பொதுவாக எச்11 டாலரன்ஸில் வரும், 19-க்கு சுழியத்திலிருந்து மைனஸ் 0.13 மி.மீ. வரை. ஹாட் ரோல்டு பாரை ஹெக்ஸ் காலெட்டில் போட நினைக்காதீர்கள்.

பாரை எவ்வளவு வெளியே நீட்டலாம்? பின்னால் தொங்கும் பாருக்கு என்ன செய்வது?

முன்னால், அறுக்கும் கோடு ஜா முகத்திலிருந்து பார் விட்டத்துக்கு மேல் போகக் கூடாது. டூல் ஹோல்டர் ஜாவில் இடிக்காமல் ஐந்தாறு மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். பத்துத் துண்டுக்கு ஒரே தடவையாக 140 மி.மீ. நீட்டிக்கொண்டு நுனியிலிருந்து அறுத்து வருவது நேரம் மிச்சம் போலத் தோன்றும். முதல் துண்டிலேயே பார் டூல்மேல் ஏறும்.

பின்னால், ஸ்பிண்டில் துளைக்கு வெளியே தாங்கல் இல்லாமல் ஒரு முழ பார்கூட நீளக் கூடாது. வேகம் ஏறும்போது நுனி வளைந்து சாட்டையாக அடிக்கும், பக்கத்தில் நிற்பவரைச் சாய்த்துவிடும். பார் ஸ்டாண்டும் குழாயும் இல்லையென்றால், ஸ்பிண்டில் நீளத்துக்குள் அடங்குமாறு பாரை முதலில் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்பிண்டிலுக்குள் பார் ஆடிச் சத்தம் போட்டால் பின்முனையில் ஹெக்ஸ் துளை போட்ட நைலான் புஷ் ஒன்று போதும்.

துளைக்குள் நுழையுமா என்பதற்கும் மூலை அளவுதான் கணக்கு. ஸ்பிண்டில் துளை 38 மி.மீ. என்றால் 32 ஹெக்ஸ் நுழையும், 36 நுழையாது.

எந்த அகல டூல்?

இந்தப் பாருக்கு 2 மி.மீ. அல்லது 3 மி.மீ. இன்சர்ட் அகலத்தில் எட்டு மடங்குக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம். 2 மி.மீ.க்கு 16 வரை போகலாம், நமக்குத் தேவை மையம் வரை 11, கூட ஒன்றிரண்டு. அதாவது 13 மி.மீ. நீட்டினால் போதும். பிளேடை 25 மி.மீ. நீட்டி வைத்துவிட்டு அதிர்வு என்று மெஷினைத் திட்டுவதில் பயனில்லை.

அகலத்தில் பணமும் இருக்கிறது. 3 மீட்டர் பாரில் சக்குக்குள் மாட்டும் மிச்சம் 60 மி.மீ. போனால் 2940 மி.மீ. இருக்கும். 10 மி.மீ. துண்டு, ஃபேசிங்குக்கு (முகத்தைச் சீவி மட்டமாக்க) அரை மி.மீ., கட்டுக்கு (டூல் அறுத்துப் போகும் அகலத்துக்கு) 3 மி.மீ. என்றால் 217 துண்டு. கட்டு 2 மி.மீ. என்றால் 235 துண்டு. 19 ஹெக்ஸ் 304 மீட்டருக்குச் சுமார் 2.48 கிலோ, பார் ஒன்றுக்கு 7.4 கிலோ. எஸ்.எஸ். விலைக்கு 18 துண்டு சின்ன விஷயமில்லை. ஆனாலும் ஸ்லைடு தளர்ந்த பழைய லேத்தில் 2 மி.மீ.க்கு ஆசைப்பட வேண்டாம். இரண்டு இன்சர்ட் உடைந்தால் அந்த லாபம் போய்விடும்.

எச்.எஸ்.எஸ். நல்லதா, கார்பைடு நல்லதா?

மெஷினைப் பொறுத்தது. பாதிப் பேர் கார்பைடு இன்சர்ட்டை வாங்கி, பழைய லேத்தில் 220 ஆர்.பி.எம்.மில் ஓட்டி, முனை பொத்துப்போனதும் இன்சர்ட் சரியில்லை என்கிறார்கள். அந்த வேகத்தில் 304 டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும், பிய்யும்போது கார்பைடையும் சேர்த்துப் பிய்த்துப் போகும். 800 ஆர்.பி.எம்.முக்கு மேல் அதிராமல் ஓடாத லேத்துக்கு கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ். பிளேடுதான் பொருத்தம். எம்35-இல் 5 சதவீதம், எம்42-இல் 8 சதவீதம் கோபால்ட் இருக்கும்.

கார்பைடு என்றால் எம் குரூப், பெட்டியில் மஞ்சள் நிறப் பட்டை உள்ளது. அதிலும் அடி தாங்கும் கெட்டியான கிரேடாகக் கேளுங்கள். தேய்மானம் தாங்கும் கடினக் கிரேடு மூலையில் நொறுங்கும். முனை நேராக உள்ள நியூட்ரல் இன்சர்ட்டே முதல் தேர்வு.

வேகமும் ஃபீடும் எவ்வளவு?

கட்டிங் ஸ்பீடை (பாரின் மேற்பரப்பு டூலைக் கடக்கும் வேகம், நிமிடத்துக்கு மீட்டரில்) 1000-ஆல் பெருக்கி, மூலை விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கியதால் வகுத்தால் ஆர்.பி.எம். எச்.எஸ்.எஸ்.க்கு நிமிடத்துக்கு 15 மீட்டர் என்று வைத்தால் 217 வரும். கியரில் அதை ஒட்டி உள்ளதைப் போடுங்கள். கார்பைடுக்கு 304-இல் 70 மீட்டரில் தொடங்கலாம், 1015 வரும். 303 என்றால் இரண்டிலும் கால் பங்கு கூட்டலாம், 316 என்றால் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

ஃபீடு, கார்பைடுக்கு மூலைப் பகுதியில் சுற்றுக்கு 0.04, உள்ளே 0.07 அல்லது 0.08, கடைசி 2, 3 மி.மீ. விட்டத்தில் 0.03. சி.என்.சி.யில் இப்படி எழுதலாம்: ஜி50-இல் உச்ச வேகம் 1500, ஜி96-இல் (கட்டிங் ஸ்பீடை மாறாமல் வைக்கும் கட்டளை) 70. எக்ஸ் 26-இலிருந்து 18.5 வரை 0.04, அங்கிருந்து எக்ஸ் 3 வரை 0.08, பிறகு எக்ஸ் மைனஸ் 0.4 வரை 0.03. ஜி50 போடாமல் ஜி96-ஐ மட்டும் நம்பினால் விட்டம் குறையக் குறைய ஸ்பிண்டில் உச்சத்துக்கு ஏறும், ஹெக்ஸ் பார் பின்னால் கூத்தாடும். 1500 என்று கட்டிவிட்டால் விட்டம் 15-க்கு வந்ததும் வேகம் அதற்குமேல் ஏறாது.

கை ஃபீடில் 0.05 எப்படித் தெரியும்? நேரத்தை வையுங்கள். 220 ஆர்.பி.எம்.மில் 0.05 என்றால் நிமிடத்துக்கு 11 மி.மீ., திடப் பாரை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அறுத்து முடிக்க வேண்டும். மூன்று நிமிடம் ஆகிறதென்றால் நீங்கள் வெட்டவில்லை, தேய்க்கிறீர்கள்.

மெதுவாகப் போனால் பாதுகாப்புதானே?

மைல்டு ஸ்டீலில் ஓரளவுக்கு. 304-இல் இல்லை. தேய்பட்ட மேற்பரப்பு அங்கேயே கடினமாகிவிடும், அடுத்த சுற்றில் டூல் அந்தக் கடினப் படலத்தைத்தான் சுரண்ட வேண்டும். கீச்சென்ற சத்தம் வந்தால் கை தானாகவே ஃபீடைக் குறைக்கும். அப்படிச் செய்யாமல் ஆர்.பி.எம்.மை ஒரு படி இறக்கி, ஃபீடைக் கூட்டுங்கள். நடுவில் நிறுத்தி டூலை அப்படியே தொட்டுக்கொண்டு நிற்க விடக் கூடாது. எடுப்பதென்றால் முழுவதும் வெளியே எடுங்கள், திரும்ப உள்ளே போகும்போது படலத்துக்கு அடியில் இறங்கும்படி ஒரே உறுதியில் கொடுங்கள்.

304 வெப்பத்தைக் கடத்துவது சாதாரண இரும்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். சூடு சிப்ஸோடு (வெட்டுச் சீவலோடு) போகாவிட்டால் டூல் முனையிலேயே தங்கும்.

எச்.எஸ்.எஸ். பிளேடை எப்படி அரைப்பது?

முன் கிளியரன்ஸ் (முனைக்குக் கீழே உள்ள சரிவு) 6 முதல் 8 டிகிரி. மேல் ரேக் (மேல்பக்கச் சரிவு) 5 டிகிரி போதும், எஸ்.எஸ்.க்கு நல்லது என்று 12, 15 வரை கொக்கி போல அரைத்தால் மூலை வந்து அடிக்கும்போது பிளேடு உள்ளே இழுபடும். பக்கங்களைத் தொட வேண்டாம், வாங்கும்போதே அடியில் ஒடுங்கித்தான் இருக்கும். மேல் நடுவில் சக்கர ஓரத்தால் லேசான ஒரு குழி இழுத்தால் சிப்ஸ் நடுவில் மடிந்து பள்ளத்தைவிட ஒடுங்கலாக வரும், அடைக்காது. கடைசியில் ஆயில் ஸ்டோனில் முனையை நாலு இழுப்பு இழுத்துவிடுங்கள். அரைத்த கோடுகளோடு விட்ட முனையில் எஸ்.எஸ். சீக்கிரம் ஒட்டும்.

செட்டிங்கில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சென்டர் உயரம் முதலில். பிளஸ் மைனஸ் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டெயில் ஸ்டாக் சென்டரோடு ஒப்பிடுவது தோராயம்தான். நம்பகமான வழி, ஒரு துண்டை ஃபேசிங் செய்து நடுவில் குமிழ் மிஞ்சுகிறதா என்று பார்ப்பது. அடுத்தது பிளேடு பாருக்குச் செங்குத்தாக இருப்பது. சக் முகத்தில் பிளேடின் பக்கத்தை ஒட்டிப் பார்த்து டூல் போஸ்டை இறுக்குங்கள். சாடிலைக் (நீளவாட்டில் ஓடும் வண்டி) கண்டிப்பாக லாக் செய்யுங்கள், காம்பவுண்டையும் (டூல் போஸ்டுக்குக் கீழே உள்ள சின்ன ஸ்லைடு) பூட்டுங்கள். கிராஸ் ஸ்லைடு ஜிப்பை (தளர்வை எடுக்கும் பட்டை), கைப்பிடி சற்றே கனமாகத் திரும்பும் அளவுக்கு இறுக்குங்கள். ஹெக்ஸில் இது ரவுண்டைவிட முக்கியம். மூலை ஒவ்வொன்றும் அடித்துவிட்டுப் போகும்போது, ஸ்க்ரூவில் உள்ள பேக்லாஷ் (தளர்வு) அளவுக்கு ஸ்லைடு முன்னே பாயும், அடுத்த மூலை அந்தக் கூடுதல் ஆழத்தில் வந்து மோதும்.

ஆட்டோ கிராஸ் ஃபீடு இருந்தால் அதையே போடுங்கள். நீளவாட்டு ஃபீடும் குறுக்கு ஃபீடும் ஒன்றல்ல, மெஷினில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

டூல் உடைந்துவிட்டது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த விட்டத்தில் உடைந்தது என்று பாரில் வெர்னியர் வைத்துப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

19-க்கு மேலே, அதாவது மூலைப் பகுதியில் உடைந்தால்: ரேப்பிட் மூலையில் மோதியிருக்கும், அல்லது பார் ஜாவில் சரியாக உட்காரவில்லை, அல்லது கிரேடு மிகக் கடினமானது, அல்லது ஸ்லைடில் ஆட்டம். முனையின் ஒரே ஒரு ஓரம் மட்டும் பொத்துப்போயிருந்தால் பிளேடு செங்குத்தாக இல்லை.

19-க்கும் 5-க்கும் இடையில் உடைந்தால் சிப்ஸ் அடைத்திருக்கிறது. பள்ளத்துக்குள் நசுங்கிய சுருள் கிடக்கும். கூலன்ட் முனைக்குப் போகவில்லை, அல்லது ஃபீடு குறைவால் சிப்ஸ் மடியாமல் நாடாவாக வந்திருக்கிறது. பள்ளத்தின் சுவர் ஒருபக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தால் பிளேடு அந்தப் பக்கம் வளைந்திருக்கிறது. ஆழமான கட்டில் எச்.எஸ்.எஸ். பிளேடு அடைத்துக்கொண்டே இருந்தால், வெளியே எடுத்துப் பக்கவாட்டில் அரை மி.மீ. நகர்த்திப் பள்ளத்தை அகலப்படுத்திக்கொண்டு இறங்குங்கள்.

மையத்துக்கு அருகில் உடைந்தால் அநேகமாக உயரம். டூல் மேலே இருந்தால் முனை வெட்டாமல் அதன் கீழ்ப்பகுதி போய் மோதும், கீழே இருந்தால் குமிழ் மிஞ்சி, துண்டு முறிந்து விழும்போது முனையைப் பிய்க்கும். மையத்தில் கட்டிங் ஸ்பீடு சுழியம், அங்கே டூல் வெட்டுவதில்லை, தள்ளுகிறது. அதனால்தான் கடைசியில் ஃபீடைக் குறைக்கச் சொல்வது. இந்த 0.03 தயக்கம் அங்கு மட்டும் செல்லும். கேம் வைத்துத் தானாக ஓடும் டிராப் லேத்துகளில் ஓட்டுபவர் கையால் ஃபீடைக் குறைக்க வழியில்லை, கேம் வெட்டும்போதே கடைசிப் பகுதியின் ஏற்றத்தைக் குறைத்து வெட்டியிருக்க வேண்டும்.

துளை போட்டுவிட்டு அறுப்பதா, அறுத்துவிட்டுத் துளையா?

துளை முதலில். எம்12-க்கு 10.2 டிரில் போட்டுவிட்டால் மூலையில் மிஞ்சும் சுவர் 5.9 மி.மீ. மட்டுமே. மையம் என்ற தொல்லையே கிடையாது, கட்டிங் நேரமும் பாதி. துளை ஆழம், துண்டு நீளத்தோடு கட்டு அகலமும் சேர்ந்து, டிரில் முனைக் கூம்பு முழுவதும் அறுக்கும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் பிளேடு பாதி சரிவில் இறங்கி ஒருபக்கம் இழுபடும்.

உட்புற ஓரத்தில் வளையம் போல ஒரு மெல்லிய பிசிறு நிற்கும். அறுக்கும் கோட்டில் உள்ளிருந்து ஒரு சின்ன போரிங் டூலால் சேம்பர் இழுத்துவிட்டு அறுத்தால் அது வராது. நட்டின் பின்பக்கத்தை எப்படியும் ஃபேசிங் செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த வேலையும் தேவையில்லை.

விழும் துண்டைப் பிடிக்க டெயில் ஸ்டாக் டிரில் சக்கில் 8 மி.மீ. ராடு ஒன்றை மாட்டித் துளைக்குள் தளர்வாக நுழைத்து வையுங்கள். துண்டு அறுந்ததும் ராடில் மாலையாகத் தொங்கும். ராடு தளர்வாக இருப்பது முக்கியம். டெயில் ஸ்டாக் சென்டரால் அழுத்தித் தாங்கிக்கொண்டு கடைசிவரை அறுக்கக் கூடாது, அறும் நேரத்தில் பள்ளம் மூடிப் பிளேடைக் கடித்துவிடும்.

அறுத்த முகம் குழிவாக வருகிறது.

பிளேடு வளைகிறது. ஒருபக்க ஓரம் மழுங்கியிருக்கிறதா, பிளேடு செங்குத்தா, நீட்டல் அதிகமா என்று அந்த வரிசையில் பாருங்கள். துண்டில் குமிழ் நிற்கக் கூடாது என்று 5, 8 டிகிரி சாய்ந்த முனை உள்ள இன்சர்ட் போட்டிருந்தால், அந்தச் சாய்வே பிளேடைப் பக்கவாட்டில் தள்ளும். குமிழா குழிவா, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துளை போட்ட ஜாப்புக்குச் சாய்ந்த முனை வேண்டாம் என்பது எங்கள் கட்சி, துளையில் குமிழுக்கு இடமே இல்லை.

கூலன்ட்?

கார்பைடுக்கு வெள்ளமாகக் கொட்டும் கூலன்ட், கலவை 8 முதல் 10 சதவீதம், பீச்சுவது பள்ளத்துக்குள் நேராக. தொடர்ந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமாக வேண்டாம். பிரஷ்ஷால் அவ்வப்போது தடவினால் சூடான கார்பைடு வெடிப்பு விடும். எச்.எஸ்.எஸ்.க்குப் பிரஷ் சரி, தண்ணீர் கலக்காத கந்தகக் கட்டிங் ஆயில் எடுத்து விடாமல் தடவுங்கள். புகை வந்தால் வேகம் அதிகம். எச்.எஸ்.எஸ்.ஸில் சிப்ஸ் வெள்ளியாகவோ இளமஞ்சளாகவோ வர வேண்டும், நீலமாக வந்தால் முனையின் ஆயுள் முடிகிறது.

பின்பக்க டூல் போஸ்டில் பிளேடைத் தலைகீழாக மாட்டினால் சிப்ஸ் தானாகக் கீழே விழும். வசதியுள்ள மெஷினில் தாராளமாகச் செய்யலாம்.

303, 304, 316, எதை வாங்குவது?

அறுக்கச் சுலபம் 303, அதில் குறைந்தது 0.15 சதவீதம் கந்தகம் இருக்கும், சிப்ஸ் உடைந்து உடைந்து வரும். ஆனால் துருத் தாங்கும் சக்தி 304-ஐவிடக் குறைவு, வெல்டிங் செய்தால் விரிசல் விடும். நட்டை எங்காவது வெல்டு வைக்கப் போகிறார்கள் என்றால் 304எல் கொடுங்கள். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், உப்புத் தண்ணீருக்கு அதுதான். ஆர்டரில் 304 என்று இருந்தால் உங்கள் வசதிக்கு 303-ஐ மாற்றி ஓட்டாதீர்கள். காந்தம் வைத்துக் கிரேடு பார்ப்பவர்களுக்கு ஒன்று: கோல்டு டிரான் 304 ஹெக்ஸின் மூலைகளில் லேசாகக் காந்தம் இழுக்கும், அதனால் அது போலி ஆகாது.

பேண்ட்சாவில் வெட்டினால் போதாதா?

துண்டு நீளம் 50 மி.மீ.க்கு மேல் இருந்து, இரண்டு முகத்தையும் எப்படியும் ஃபேசிங் செய்யப் போகிறீர்கள் என்றால் போதும், அதுவே சுலபம். சின்ன லேத்தில் 36-க்கு மேற்பட்ட ஹெக்ஸுக்கும் பேண்ட்சாவே மரியாதை. 10 மி.மீ. நட்டுக்கு இல்லை, வெட்டுச் சாய்வையும் சேர்த்தால் ஃபேசிங்கிலேயே பாதி உலோகம் போகும். கட்டிங் வீலில் வெட்டினால் முகம் சூட்டில் நிறம் மாறிவரும். வேறு வழியில்லை என்றால் இரும்பு கலக்காத, எஸ்.எஸ்.க்கென்றே உள்ள வீலைப் போடுங்கள், மைல்டு ஸ்டீல் அறுத்த வீல் விட்டுச்செல்லும் துகள்தான் பிறகு துருப்புள்ளியாகக் கிளம்பும்.

பாதுகாப்பில் ஹெக்ஸுக்கென்று தனியாக ஏதாவது?

சுற்றும் ஹெக்ஸ் கண்ணுக்கு ரவுண்டாகத்தான் தெரியும். மூலைப் பிசிறை எடுக்க ஓடும் பாரில் ஃபைல் பிடிப்பதும், எமரி பேப்பரைக் கையில் சுற்றிப் பிடிப்பதும் வேண்டாம். ரவுண்டில் தப்பித்தவர் ஹெக்ஸில் தப்ப மாட்டார். பிசிறு எடுப்பது மெஷினை நிறுத்திய பிறகு, அல்லது வெளியே வைஸில். கையுறை போட்டுக்கொண்டு லேத் அருகே நிற்காதீர்கள். எஸ்.எஸ். சுருள் கத்தி மாதிரி அறுக்கும், கொக்கிக் கம்பியால் மட்டும் இழுங்கள், அதுவும் ஸ்பிண்டில் நின்ற பிறகு.

சிப்ஸை என்ன செய்வது?

மைல்டு ஸ்டீல் சிப்ஸோடு கலக்காமல் தனிப் பீப்பாயில் போடுங்கள். 3 மி.மீ. கட்டில் ஒரு பாருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கட்டிலேயே சிப்ஸாகிறது, டிரில் சிப்ஸ் தனி. கலந்துவிட்டால் பழைய இரும்புக் கடையில் மொத்தமும் இரும்பு விலைக்குத்தான் போகும். 304-ஐயும் 316-ஐயும் சேர்த்து ஓட்டுகிற இடமென்றால் அவற்றுக்கும் தனித்தனிப் பீப்பாய், மேலே கிரேடைப் பெயின்டில் எழுதி.